பழைய பூதம்... புதிய சீட்டு! - கூட்டணி கார்டு கேம்களில் ஒரு தீராத பஞ்சாயத்து

சீட்டாட்டம் என்றாலே நம் வீடுகளில் ரம்மியும் 304-ம்தான் நினைவுக்கு வரும். எதிரே இருப்பவரை மண்ணைக் கவ்வ வைப்பதுதான் அங்கே குறிக்கோள். ஆனால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து, நடுவில் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டுக்கட்டை எதிர்த்து ஆடும் விளையாட்டுகளும் இருக்கின்றன. ஜெயித்தால் எல்லோருக்கும் ஜெயம். தோற்றால் மொத்தக் குடும்பமும் அவுட்!

இந்த வகையில் பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது, டோல்கீனின் கதையை வைத்து அமெரிக்காவின் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்’. வடிவமைத்தவர் நேட் ஃபிரெஞ்ச். முதல் பெட்டியில் மூன்று சாகசங்கள். அதற்குப் பிறகு 60 சீட்டுகள் கொண்ட சின்னச் சின்ன பாக்கெட்டுகள் வரிசையாக வந்தன. உள்ளே என்ன சீட்டு இருக்கும் என்பது லாட்டரி அல்ல; எல்லா பாக்கெட்டிலும் ஒரே சீட்டுகள்தான். ஒவ்வொன்றிலும் ஒரு புதிய சாகசம், கூடவே நம் கட்சிக்குச் சில புதிய ஆட்கள், ஆயுதங்கள்.

பஞ்சாயத்து தொடங்குவது இங்கேதான். சாகசத்தின் எதிரிக் கட்டு, அச்சான நாளிலேயே உறைந்துவிடுகிறது. நம் கட்டு மட்டும் வருடா வருடம் வளர்ந்துகொண்டே போகிறது. 2011-ல் எழுதிய வினாத்தாளை 2019-ன் கைடை வைத்துக்கொண்டு எழுதினால் எப்படி இருக்கும்?

பூதம் வருது... ஓடு!

முதல் பெட்டியின் இரண்டாவது சாகசம், ஆண்டுயின் நதிப் பயணம். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு மலை ட்ரோல் வந்து நிற்கும். (ஃபேஸ்புக்கில் கலாய்ப்பவர் அல்ல, இது நிஜமான ராட்சத பூதம்.) தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர் 9. அதைச் சாய்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று நாயகர்கள். மூவருக்கும் உரிய அபாய எண்களைக் கூட்டினால் வருவதுதான் நம் தொடக்க அபாய அளவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது ஒன்று ஏறும். 50-ஐத் தொட்டால் ஆட்டம் க்ளோஸ். ட்ரோல் நம்மைத் தேடி வருவது, அந்த அளவு 30 ஆகும்போது.

பெட்டியோடு வந்த ஒரு அணியைப் பாருங்கள். அரகார்ன் 12, தியோட்ரெட் 8, க்ளோயின் 9. மொத்தம் 29. அதாவது, இரண்டாவது சுற்றிலேயே பூதம் வாசலில் நிற்கும். அரகார்ன் தடுத்தால் அவரது ஐந்து உயிரில் ஒன்றுதான் மிஞ்சும். மற்ற இருவரில் யார் தடுத்தாலும் கதை அங்கேயே முடிந்தது. ‘சரி, யாரோ ஒரு அடியாளைப் பலிகொடுத்துத் தப்பிக்கலாம்’ என்றால், அதற்கும் ஆப்பு வைத்திருக்கிறார்கள். அடியாளின் உயிரைத் தாண்டி மிஞ்சும் அடியெல்லாம் நம் அபாய அளவில் ஏறிவிடும். இந்த ஒரு சீட்டால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பாழாகியிருக்கும்!

அப்புறம் 2012-ல் ‘ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் ஸ்டோன்’ என்ற பாக்கெட் வந்தது. அதில் க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரர் புது அவதாரம் எடுத்தார். முதல் பெட்டியில் அவருடைய அபாய எண் 12. இதில் வெறும் 5. சும்மா கொடுப்பார்களா? பயணத்துக்கு அனுப்பி அவர் களைத்துப்போகும் ஒவ்வொரு முறையும் அபாயம் ஒன்று ஏறும் என்று ஒரு நிபந்தனை. ஆனால், அதே பாக்கெட்டில் ‘லைட் ஆஃப் வாலினோர்’ என்று ஒரு சீட்டு. அதை அவருக்குப் பூட்டிவிட்டால் பயணத்துக்குப் போனாலும் களைக்க மாட்டார். களைப்பு இல்லை, அதனால் அபராதமும் இல்லை. ஒரு கையால் வாங்கிய வரியை மறு கையால் திருப்பிக் கொடுத்த கதை!

முதல் பெட்டியின் எயோவினையும் (9) எலியனாரையும் (7) அவரோடு சேர்த்தால் தொடக்க அளவு 21. வேறு எதுவும் ஏற்றிவிடாத வரை, பூதம் நம்மைத் தேடி வரவே பத்தாவது சுற்று ஆகிவிடும். அதற்குள் படையைத் திரட்டி, பந்தி போட்டுக் காத்திருக்கலாம். அது பாவம், பழைய பூதம். தனக்குப் பின்னால் என்னென்ன அச்சாகப் போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

யாருக்கு நஷ்டம்?

‘ஜெயித்தால் நல்லதுதானே... இதில் என்ன பிரச்னை?’ என்று கேட்கலாம். நஷ்டம் பெரும்பாலும் புதிதாக வருபவருக்குத்தான். பல வருடச் சீட்டுகளை மொத்தமாக வாங்கி, இணையத்தில் யாரோ போட்ட ‘பெஸ்ட்’ கட்டை அப்படியே அடுக்கிக்கொண்டு நதிக்கரைக்குப் போகிறார். பூதம் நாலு அடியில் விழுகிறது. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று பெட்டியை மூடிவிடுகிறார். அந்தச் சாகசத்தை முதல் முறை ஆடும் வாய்ப்பு ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான்.

அதற்காகப் புதுச் சீட்டே கூடாது என்பதும் வறட்டுப் பிடிவாதம். முதல் பெட்டியின் மூன்றாவது சாகசம், டோல் குல்டூரிலிருந்து தப்பிப்பது. தொடங்கும்போதே மூன்று நாயகர்களில் ஒருவரைக் குலுக்கல் முறையில் சிறைபிடித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்தே சுற்றுக்கு ஒரு துணைவரைத்தான் இறக்கலாம். தனியாக ஆடுபவருக்கு இது விளையாட்டே அல்ல, தண்டனை. அங்கே புதுச் சீட்டு தருவது அநியாய சலுகையல்ல, தாமதமாக வந்த நியாயம். இன்னொன்றும் உண்டு. 2011-ன் பெட்டியில் ‘அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்’ என்ற அருமையான சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு கட்டில் மூன்று வரை வைக்கலாம் என்பதால், அதற்காகவே இரண்டாவது பெட்டி வாங்கியவர்கள் உண்டு. 2022-ல் வந்த திருத்திய பெட்டியில்தான் மூன்றும் கிடைத்தன. அதே சாகசங்கள், அதே பூதம்!

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. பழைய சாகசங்களுக்கு ‘நைட்மேர்’ என்ற பெயரில் தனிக் கட்டுகளை வெளியிட்டது. பழைய எதிரிக் கட்டில் சில சீட்டுகளை எடுத்துவிட்டு, இந்தக் கொடூரங்களைச் செருக வேண்டும். பெயருக்கேற்ற கெட்ட கனவுதான். அதற்கு நேர்மாறாக ‘ஈஸி மோட்’ விதியும் வந்தது: கடினமானவை என்று குறியிட்ட சீட்டுகளை விலக்கிவிட்டு, ஒவ்வொரு நாயகருக்கும் ஒரு காசு கூடுதலாக வைத்து ஆரம்பிக்கலாம்.

இதே நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த ‘ஆர்க்கம் ஹாரர்’ கார்டு கேமிலும் அதே தலைவலி. அங்கே 2018 முதல் ‘ரிட்டர்ன் டு’ என்று தொடங்கும் பெட்டிகள் வந்து, பழைய கதைகளுக்குப் புது முடிச்சுகள் போட்டன. 2019-ல் ‘டபூ’ பட்டியல் என்று ஒன்றும் வந்தது. அளவுக்கு மீறிச் சக்தி வாய்ந்த சீட்டுகளின் விலையை ஏற்றும் பட்டியல் அது. ஆனால் கட்டாயமில்லை, விரும்பியவர் பின்பற்றலாம். அவரவர் வீட்டு மேஜைக்கு அம்பயர் எங்கிருந்து வருவார்?

ரசிகர்கள் தாங்களே கண்டுபிடித்த வழிதான் எல்லாவற்றிலும் சுவாரஸ்யம். ‘புரோகிரஷன்’ என்கிறார்கள். ஒரு சாகசம் எப்போது வெளியானதோ, அதுவரை வந்த சீட்டுகளை மட்டும் வைத்து ஆடுவது. ஜெயித்தால்தான், அல்லது போதும் போதும் என்று தோற்ற பிறகுதான், அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பது. சீட்டு ஒவ்வொன்றும் புதையலாகத் தெரிவது இந்த முறையில்தான். ட்ரோலிடம் நாலு முறை அடி வாங்கியவருக்குத்தான் க்ளோர்ஃபிண்டெலின் அந்த 5 எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். பழிவாங்கப் புதுக் கட்டோடு திரும்பி வந்து பூதத்தைப் பந்தாடுவதில் அப்போது தப்பே இல்லை.

எல்லாவற்றையும் ஏற்கெனவே வாங்கி ஒரே டப்பாவில் கலந்து வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு சீட்டின் கீழேயும் எந்தத் தொகுப்பு என்பதற்கான சின்னமும் வரிசை எண்ணும் அச்சிட்டிருக்கும். குழந்தைகளிடம் கொடுத்தால் ஒரு மாலைப் பொழுதில் பிரித்து அடுக்கிவிடுவார்கள். முதல் பெட்டியின் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து, 50 சீட்டில் ஒரு கட்டைப் போட்டுக்கொண்டு நதிக்கரைக்குக் கிளம்பலாம்.