நாற்பதைத் தாண்டி லாரி ஓட்டப் போகலாமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் நம்மிடம் வந்து அமர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் இருந்தவர். வேலை போய் ஊர் திரும்பி ஓராண்டு ஆகிறது. கையில் இருந்த சேமிப்பு கரைந்து கொண்டிருக்கிறது.

"ஹஜ்ரத், நாற்பத்து நாலு வயசுல லாரிக்குப் போகலாமா?"

"மார்க்கத்துல கூடுமான்னு கேக்குறீங்களா, ஊர் என்ன சொல்லும்னு கேக்குறீங்களா?"

"ரெண்டும்தான் ஹஜ்ரத். வீட்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல, வாப்பா லாரி டிரைவர்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்குறாங்க."

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. சவூதி அரேபியா 2011-ல் நிதாகத் திட்டத்தைக் கொண்டு வந்ததிலிருந்து, நடுத்தர வயதில் ஊர் திரும்பும் சகோதரர்களை நம் ஜமாஅத்துகள் தொடர்ந்து பார்த்து வருகின்றன. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறோம்.

இழிவு எதில் இருக்கிறது?

ஒருவர் தன் கையால் உழைத்து உண்ணும் உணவை விடச் சிறந்த உணவு இல்லை என்பதும், நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்பதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களே மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, லாரி ஓட்டுவது எப்படி இழிவாகும்? வெட்கப்பட வேண்டியது வட்டிப் பணத்துக்கும் பிறர் உழைப்பில் உண்பதற்கும்தான். பெண்ணின் தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பவர்கள், அந்த வருமானம் ஹலாலா என்று கேட்கும் காலம் வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதிகபட்ச வயது என்று எதையும் அது சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியும் 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே வயதோ படிப்போ தடையில்லை.

ஆனால் வளைகுடா லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே லாரி ஓட்ட முடியாது. இங்குள்ள இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஓராண்டு ஆகியிருந்தால்தான் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். பழைய லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். கனரக வாகனத்துக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சியும், அதில் 15 மணி நேரம் நேரடியாக ஓட்டிப் பழகுவதும் விதி. இப்படி எடுக்கும் உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

உடனே கனரக லாரிக்குப் போயாக வேண்டும் என்பதும் இல்லை. சுமையோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. சிறிய சரக்கு வண்டியில் ஓராண்டு ஓட்டிப் பார்த்து, உடலும் மனமும் ஒத்துழைக்கின்றனவா என்று அறிந்த பிறகு பெரிய லாரிக்குப் போவது நாற்பது வயதுக்காரருக்கு நல்ல வழி.

உடல் ஓர் அமானிதம்

மருத்துவச் சான்றிதழில் 25 மீட்டர் தூரத்திலிருந்து வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். தெரிந்த டாக்டரிடம் சோதனை இல்லாமல் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது பொய்ச் சாட்சியத்துக்கு நிகரானது. எதிரே வரும் உயிர்களுக்கும் ஆபத்தானது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் பார்வை மூன்றையும் முறையாகச் சோதித்த பிறகே முடிவெடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயம் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

உன் உடலுக்கும், உன் கண்ணுக்கும், உன் மனைவிக்கும் உன் மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு உணர்த்தினார்கள். இரவெல்லாம் வணக்கத்தில் நின்றவருக்கே இந்த அறிவுரை என்றால், இரவெல்லாம் லாரி ஓட்டுபவருக்கு அது எவ்வளவு பொருந்தும்! நள்ளிரவுக்கும் ஃபஜ்ருக்கும் இடைப்பட்ட நேரத்தில் தூக்கம் அழுத்தும். அப்போது டீயை நம்பாமல் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவதே கடமை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையே பொது அளவாக வைத்திருந்தது. நீண்ட தூர ஓட்டத்துக்குச் சில விலக்குகள் இருந்தன. நடைமுறை இதற்கு வெகு தூரத்தில் இருப்பதை நாம் அறிவோம். எனவே வேலையில் சேரும் முன்பே ஒரு டிரிப்புக்கு எத்தனை நாள், மாற்று டிரைவர் உண்டா, சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்பதைப் பேசி எழுதிக் கொள்ளுங்கள்.

தொழுகையும் நோன்பும்

ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பயணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் இப்படிச் சுருக்குவது வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் அது சலுகை. திருச்சியிலிருந்து சென்னைக்கு லோடு ஏற்றிச் செல்பவர் ஊர் எல்லையைத் தாண்டியது முதல் திரும்ப எல்லைக்குள் வரும் வரை பயணியே. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் மட்டும் முழுமையாகத் தொழ வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். பிந்திய நேரத்தில் சேர்ப்பதாக இருந்தால் முந்திய தொழுகையின் நேரத்துக்குள் அந்த நிய்யத் இருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபினர் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதால் ஒரே நிறுத்தத்தில் இரண்டும் முடியும். எப்படியானாலும் ஃபர்ளு தொழுகைக்கு வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் நஃபிலை வாகனத்தின் மீது தொழுதார்கள். ஃபர்ளுக்கு இறங்கித் தொழுதார்கள். ஒரு முஸல்லா, ஒரு கேன் தண்ணீர், கிப்லா அறிய ஒரு வழி, இவை கேபினில் எப்போதும் இருக்கட்டும்.

ரமளானில் ஃபஜ்ருக்கு முன் ஊர் எல்லையைத் தாண்டிய பயணி நோன்பை விட்டுப் பிறகு களா செய்யலாம். ஆண்டு முழுக்க ஓட்டத்திலேயே இருப்பவர் களாவைத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. அதற்கென நாட்களை ஒதுக்க வேண்டும்.

எந்த லோடு, யார் பணம்?

மதுவைச் சுமந்து செல்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதி, அபூதாவூத் நூல்களில் வருகிறது. ஆகவே மது லோடு ஏற்ற மாட்டேன் என்பதை முதலாளியிடம் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். வண்டியில் இருக்கும் சரக்கும் டீசலும் அமானிதம். "எல்லா டிரைவரும் எடுக்கிறார்கள்" என்று சொல்லி டீசலை இறக்கி விற்பது மோசடியே. அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதற்குச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. அதைவிடப் பெரிது, பிரேக் பிடிக்காமல் போகும் உயிர்.

சொந்த லாரி வாங்கும் ஆசை சீக்கிரமே வரும். வட்டிக் கடனில் வாங்கி, தவணை கட்டுவதற்காகத் தூக்கத்தை விற்று ஓட்டுபவர்கள் இம்மையிலும் இழப்புக்கு ஆளாகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு சம்பளத்துக்கு ஓட்டித் தொழிலைக் கற்றுக் கொள்ளுங்கள். பிறகு உறவினர்கள் சேர்ந்து முதல் போட்டு வாங்கலாம். அவரவர் பங்குக்கு ஏற்ப இலாபமும் நட்டமும் பிரியும். ஒருவர் லாரி தர, மற்றவர் ஓட்டி வருமானத்தைப் பங்கிடும் முறையை ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அது கூடாது. அதற்குப் பதிலாக வாடகை அல்லது சம்பளம் என்று பேசிக் கொள்வதில் சிக்கல் இல்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பயணம் வேதனையின் ஒரு பகுதி, வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. வளைகுடாவில் இருந்தவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்தார். லாரிக்குப் போகிறவர் பத்து நாளில் வீட்டில் இருப்பார். அவர் வந்ததும் ஓய்வெடுக்க விடுங்கள். வண்டி ஓட்டும் நேரத்தில் போன் செய்து வீட்டுப் பிரச்சினையைப் பேசாதீர்கள். எந்த நேரத்தில் பேசலாம் என்று இருவரும் முடிவு செய்து கொள்ளுங்கள். தமிழக அரசின் ஓட்டுநர் நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்து, அதன் காகிதங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரரிடம் கடைசியாக ஒன்று கேட்டோம்: "உங்க மகளுக்குத் தெரியுமா?" தெரியாது என்றார். முதலில் அவளிடம் பேசுங்கள் என்று அனுப்பினோம். மறுவாரம் ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார். "வாப்பா, சும்மா இருக்கீங்கன்னு சொல்றதை விட லாரி ஓட்டுறீங்கன்னு சொல்றது எனக்கு லேசு" என்று மகள் சொன்னாளாம். இப்போது அவர் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறார்.

வல்ல அல்லாஹ் அவருக்கும் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்கி, சாலையில் செல்வோரைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.