உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு ஓட்டு!

அமெரிக்காவிலேயே கலகலப்பில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? நியூயார்க்கா? கலிஃபோர்னியாவா? இரண்டும் இல்லை! பனி கொட்டும் வடக்கு டக்கோட்டாவுக்கு! 6 லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கேள்வித்தாளை நிரப்பித் தந்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. அடுத்தவரோடு இணக்கமாகப் பழகுவதிலும் வடக்கு டக்கோட்டாவே முதலிடம்!

அதே மாநிலம் ஒரு குணத்தில் மட்டும் கடைசி! எதில் தெரியுமா? புதுமை நாட்டத்தில்! அதில் முதலிடம் தலைநகர் வாஷிங்டனுக்கு. அடுத்தது நியூயார்க்.

எதற்கெடுத்தாலும் பதறுகிறவர்கள் அதிகம் இருப்பது மேற்கு வர்ஜீனியாவில். பதற்றம் மிகக் குறைவாக இருப்பது யூட்டாவில். பொறுப்புணர்வில் முதலிடம் நியூ மெக்சிகோவுக்கு. இணக்கம், பொறுப்புணர்வு இரண்டிலுமே கடைசி இடம் அலாஸ்காவுக்கு!

இனிதான் சுவாரசியமே! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ரென்ட்ஃப்ரோவும் கூட்டாளிகளும் இந்தக் குணப் பட்டியலைத் தேர்தல் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். 1996, 2000, 2004 என மூன்று அதிபர் தேர்தல்கள். புதுமை நாட்டம் கூடிய மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தன. பொறுப்புணர்வு கூடிய மாநிலங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம்!

அந்தக் குழு அதோடு விட்டதா? 2013-இல் 15 லட்சம் பேருக்கு மேல் தந்த பதில்களை வைத்து அமெரிக்காவையே மூன்று துண்டாக்கியது! நடுவிலும் தெற்கிலும் நட்பும் மரபும். மேற்கில் நிதானமும் கற்பனையும். வடகிழக்கில் படபடப்பும் வெளிப்படையான பேச்சும். ஒரே நாடு, மூன்று மனசு!

ஒருவர் பழமைவாதியா, தாராளவாதியா என்று அவரிடம் கேட்கவே வேண்டாம். அவருடைய அறையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்! டானா கார்னி, ஜான் ஜோஸ்ட், சாம் காஸ்லிங், ஜெஃப் பாட்டர் நால்வரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களின் அறைகளில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். பழமைவாத மாணவர் அறையில் என்னென்ன? நாட்காட்டி. அஞ்சல் தலை. நூல்கண்டு. இஸ்திரிப் பெட்டி. அழுக்குத்துணிக் கூடை. ஒரு கொடி. விளையாட்டு அலங்காரங்கள். அறையும் சுத்தமாக, வெளிச்சமாக இருந்ததாம்!

தாராளவாத மாணவர் அறை? புத்தகங்கள், அதுவும் வகைவகையாக! ஊர் உலகத்து இசைத்தட்டுகள். ஓவியச் சாமான்கள். சினிமா டிக்கெட்டுகள். வரைபடங்கள். பயணப் புத்தகங்கள். ஒரு நூல்கண்டுக்கும் ஒரு வரைபடத்துக்கும் நடுவில் இவ்வளவு அரசியல்! நான் படித்த ஆய்வுகளிலேயே இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆஸ்கர் வாங்கிய நடிகர் ஒருவர் மூளை அறிவியல் கட்டுரையும் எழுதியிருக்கிறார்! 'தி கிங்ஸ் ஸ்பீச்' புகழ் காலின் ஃபர்த்தான் அவர்! பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் கௌரவ ஆசிரியராக இருந்தபோது, அரசியல் சார்புக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயச் சொன்னார். லண்டனில் 90 இளைஞர்களின் மூளை படமெடுக்கப்பட்டது. பழமைவாதிகளுக்கு வலப்பக்க அமிக்டலா என்ற மூளைப் பகுதி சற்றே பெரிது! 2011-இல் கட்டுரை அச்சானது. ஆசிரியர் பட்டியலில் ஃபர்த்தின் பெயரும்! 2024-இல் நெதர்லாந்தில் 900-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். அமிக்டலா வித்தியாசம் அங்கேயும் தென்பட்டது. ஆனால் துளியூண்டு!

லண்டன்காரர்கள் புதுமை நாட்டத்தில் உச்சம், இணக்கத்தில் மட்டம்! இணக்கத்துக்கு ஸ்காட்லாந்து போக வேண்டும். பிபிசி நடத்திய ஆளுமைச் சோதனையில் கலந்துகொண்ட கிட்டத்தட்ட 4 லட்சம் பேரை வைத்து, பிரிட்டனின் 380 வட்டாரங்களுக்கும் குண வரைபடமே போட்டுவிட்டார்கள்!

30 கோடி வருடங்களுக்கு முன் சதுப்பு நிலத்தில் புதைந்த மரங்கள், இன்றைய மனிதரின் மனநிலையோடு தொடர்புடையவை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்! அந்த மரங்கள் நிலக்கரியாயின. நிலக்கரி கிடைத்த இடத்தில் தொழிற்புரட்சி வந்தது. சுரங்கமும் ஆலையும் முளைத்தன. வேலை கடுமை. காற்றெல்லாம் கரி. முடிந்தவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள், மற்றவர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பிறகு சுரங்கங்களும் மூடப்பட்டன. 2018-இல் மார்ட்டின் ஒப்ஷோன்கா குழு இங்கிலாந்தையும் வேல்ஸையும் சல்லடை போட்டுச் சலித்தது. பழைய நிலக்கரித் தொழில் ஊர்களில் இன்றும் மனப்பதற்றம் கூடுதல், வாழ்க்கையில் திருப்தி குறைவு! புகைபோக்கிகள் போய்விட்டன. புகை மட்டும் மனசில் நிற்கிறது!

அந்த மனப்பதற்றம் ஓட்டுப்பெட்டி வரைக்கும் வந்தது! 2016-இல் பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்ஸிட், அமெரிக்காவில் டிரம்ப். மனப்பதற்றம் கூடிய வட்டாரங்களில் இரண்டுக்குமே ஓட்டு கூடுதல்! ஆராயப்பட்டவர்கள் எத்தனை பேர்? பிரிட்டனில் 4,17,217. அமெரிக்காவில் 31,67,041! அதற்குமுன் மனப்பதற்றத்துக்கும் ஓட்டுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் குறைவு. இத்தனை காலம் தூங்கிக் கிடந்த தாக்கம் என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள்!

மலையும் மனசை மாற்றுமா? அமெரிக்காவில் 37,227 அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் 33 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். மலைநாட்டார் கொஞ்சம் தனிமை விரும்பிகள். இணக்கம் குறைவு. புதுமை நாட்டம் மட்டும் கூடுதல்!

22 டிகிரி செல்சியஸ்! மனசுக்கு ஏற்ற வெப்பம் இதுதானாம்! சீனாவின் 59 நகரங்களிலும் அமெரிக்காவிலும் பார்த்துவிட்டார்கள். 22-ஐ ஒட்டிய இதமான ஊர்களில் வளர்ந்தவர்களிடம் கலகலப்பும் இணக்கமும் நிதானமும் கூடுதல். ஆய்வு வெளியான வருடம் 2017.

ஜெர்மனியின் குறுக்கே ரோமானியர்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டருக்கு எல்லைக் காவல் அரண் போட்டார்கள். ரோமப் பேரரசு மண்ணோடு மண்ணாகிப் போய்விட்டது. ஆனாலும் அந்த எல்லைக்கு உள்ளே இருந்த பகுதிகளில் இன்றும் மனநிறைவு கூடுதல், ஆயுளும் கூடுதல்! 2025-இல் வந்த முடிவு இது.

நார்வேயிலும் ஸ்வீடனிலும் 19-ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். யார் போனார்கள் தெரியுமா? அபூர்வப் பெயர் கொண்டவர்களிடம்தான் அந்தப் போக்கு கூடுதல்! தனிப்போக்குக்காரர்கள் கப்பலேறிவிட, ஒத்துப்போகிறவர்கள் ஊரில் தங்கிவிட்டார்கள். ஒரு நாட்டின் குணமே இப்படி வடிகட்டப்பட்டது! பொருளியலாளர் ஆன் சோஃபி பெக் நுட்சனின் கண்டுபிடிப்பு இது.

சமூகக் கட்டுப்பாடு மிகுந்த நாடுகள் எவை? 2011-இல் மிஷெல் கெல்ஃபாண்ட் குழு 33 நாடுகளில் 6,823 பேரிடம் கேட்டது. முதலிடம் பாகிஸ்தான். அடுத்து மலேசியா. மூன்றாவது இந்தியா! நான்காவது சிங்கப்பூர்! தமிழர்கள் நிறைந்த மூன்று நாடுகள் முதல் நான்கு இடங்களுக்குள்! கடைசியில் உக்ரைன், வெறும் 1.6 மதிப்பெண். நமக்கு 11!

அமெரிக்க மாநிலங்களையும் அதே குழு அளந்தது. கட்டுப்பாட்டில் முதலிடம் மிசிசிப்பி, கடைசி இடம் கலிஃபோர்னியா. ஒன்று பழமைவாதக் கோட்டை, மற்றொன்று தாராளவாதக் கோட்டை!

"அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்" என்று சொல்லாத ஆள் உண்டா? 2005-இல் 49 பண்பாடுகளில் இதைச் சோதித்தார்கள். சொந்த நாட்டு ஆள்களின் குணம் எப்படி என்று மக்கள் நினைப்பதும், அவர்களின் உண்மையான குணமும் பொருந்தவே இல்லை!

இன்னொரு அதிசயம்! குணத்தையும் அரசியலையும் பற்றி 2012-இல் புகழ்பெற்ற அரசியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. அதில் பழமைவாதிகளும் தாராளவாதிகளும் இடம் மாறிப் போயிருந்தார்கள். எண் குறியீடு தலைகீழாகப் படிக்கப்பட்டுவிட்டது! திருத்தம் வந்த வருடம் 2016!

காபிக் கடைக்குள் ஒரு சோதனை! சீனாவில் தெற்கே நெல், வடக்கே கோதுமை. தாமஸ் டால்ஹெல்ம் குழு 6 நகரங்களில் 256 காபிக் கடைகளில் 8,964 பேரைக் கவனித்தது. சில கடைகளில் இரண்டு நாற்காலிகளை நடைவழியில் நெருக்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. கோதுமை நாட்டில் 100-க்கு 16 பேர் நாற்காலியை நகர்த்திவிட்டுப் போனார்கள். நெல் நாட்டில் 6 பேர்தான்! மற்றவர்கள் உடம்பைக் குறுக்கி நுழைந்து போனார்கள். நம்முடையதும் நெல் விளையும் மண்தானே! அடுத்த முறை டீக்கடையில் நாற்காலி வழியை மறித்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள்!