பிடியரிசியும் பூமியின் வெப்பமும்



உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடியைத் தனியே எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களுக்கு இருந்தது. இன்றும் சில பங்குகளில் இது தொடர்கிறது. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பசியோடு படுத்ததில்லை. ஆனால் இருநூறு வீட்டுப் பிடியரிசி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்து சேரும்போது அது ஒரு மூட்டையாகிவிடும். அந்த மூட்டையால் அடுத்த வாரம் சில ஏழை வீடுகளில் அடுப்பு எரியும். புவி வெப்பமடைதலைப் பற்றிப் பேசத் தொடங்கும் நமக்கு, இதைவிட நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

ஏனென்றால் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மக்களிடமிருந்து எழும் கேள்வி ஒன்றுதான். "பெரிய நாடுகளும் பெரிய ஆலைகளும் கெடுத்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் சாமி? எங்கள் வீட்டில் எரிவதே இரண்டு பல்புதானே?" இது சோம்பலில் பிறந்த கேள்வி அல்ல, நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கதிரவனின் ஒளி பூமியைச் சூடாக்குகிறது. பூமி அந்தச் சூட்டை மீண்டும் வான்வெளிக்கு அனுப்புகிறது. அதில் ஒரு பகுதியைக் காற்றிலுள்ள கரியமில வாயு, மீத்தேன் போன்றவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. இது இறைவனின் ஏற்பாடுதான். இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமி பனிக்கட்டியாய் உறைந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், போர்வையை நாம் தடிமனாக்கிக்கொண்டே போகிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் இருநூறு ஆண்டுகளுக்குள் தோண்டி எடுத்து எரித்து வருகிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் 420 பங்கைத் தாண்டிவிட்டது. பதிவான ஆண்டுகளிலேயே மிகவும் சூடான ஆண்டும் அந்த 2024தான். பழைய சராசரியைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடுதல். "ஒன்றரை டிகிரிதானே" என்று நினைக்க வேண்டாம். நம் உடல் வெப்பம் ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடினால், டாக்டர் வைக்கும் வெப்பமானி 101ஐக் காட்டும்.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுவோம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்டால் வியப்படைகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆனால் அது எரியும்போது வெளிவரும் கரியமில வாயு 2.3 கிலோ. எப்படி? பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எடை கூடி வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாததால் நாம் எதையும் வெளியே கொட்டியதாக நினைப்பதில்லை. குப்பையாக இருந்தால் வாசலில் குவிந்திருக்கும்.

இதன் விளைவைப் பார்க்க நாம் வடதுருவத்திற்குப் போக வேண்டியதில்லை. காற்று ஒரு டிகிரி சூடாகும்போது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கிக்கொள்கிறது. அது கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டங்களும், தாழ்வான தெருக்களும், உப்பளங்களும் என்ன ஆயின என்பதை நம்மில் பலர் நேரில் கண்டவர்கள்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை நாம் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் இன்றும் நவம்பர் என்றால் கல்லறைத் திருநாள் மட்டும் அல்ல. ஆழ்கடலுக்குப் போனவர்கள் எச்சரிக்கை வருமுன்பே புறப்பட்டிருந்தார்கள். புயலோ மிகக் குறுகிய நேரத்தில் வலுப்பெற்றது. உடல்கூடக் கிடைக்காமல் திருப்பலி ஒப்புக்கொடுத்த குடும்பங்கள் எத்தனை! அந்தப் புயலைப் புவி வெப்பம்தான் உண்டாக்கியது என்று நாம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புயல்கள் முன்பும் வந்தன. ஆனால் சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. அரபிக்கடல் சூடேறி வருவதையும், கடந்த இருபது ஆண்டுகளில் அங்கே கடும் புயல்கள் கூடியிருப்பதையும் வானிலை ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். மேற்குக் கடலில் தங்கித் தொழில் செய்யும் நம் மீனவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல.

இப்போது நம் மக்களின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஒருவர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு சராசரியாக ஏறத்தாழ 14 டன். இந்தியாவில் ஒருவருக்கு ஏறத்தாழ 2 டன். அந்த இரண்டு டன்னும் சராசரிதான். குளிர்பதன அறையில் தூங்கி, காரில் வேலைக்குப் போய், விமானத்தில் விடுமுறைக்குப் போகிறவரின் கணக்கும், கட்டுமரத்தில் வலை வீசுகிறவரின் கணக்கும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எனவே இரண்டு பல்பு எரியும் வீட்டாரைப் பார்த்து "நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. திருச்சபையின் ஒருசந்திச் சட்டமே நோயாளிக்கும் முதியவருக்கும் விலக்கு அளிக்கிறதே! குறைக்க வேண்டியது உள்ளவர்கள் குறைக்க வேண்டும். நம் பங்குகளிலேயே அப்படிப்பட்டவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, தனித்தனி வீடுகளாகச் சிறியவர்களாய் இருக்கும் நாம், ஒரு பங்காக, ஒரு மறைமாவட்டமாகச் சேரும்போது சிறியவர்கள் அல்ல. கோவில், பள்ளி, விடுதி, மருத்துவமனை, திருமண மண்டபம் என்று நம்மிடம் எத்தனை கூரைகள், எத்தனை மின் இணைப்புகள்!

திருச்சபை கூட்டாகச் செய்யும் சிறு காரியத்திற்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து-வேல்ஸ் ஆயர் பேரவை, முன்பு தளர்த்தப்பட்டிருந்த வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை 2011இல் மீண்டும் கொண்டுவந்தது. அவர்கள் அதைச் சுற்றுச்சூழலுக்காகச் செய்யவில்லை, தவமுயற்சிக்காகவே செய்தார்கள். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் பலனைக் கணக்கிட்டார்கள். அங்குள்ள கத்தோலிக்கரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் தம் உணவுப் பழக்கத்தை மாற்றியிருந்தார். அவர்களிலும் பலர் இறைச்சியை முழுவதும் விடவில்லை, குறைத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் ஆண்டுக்கு 55,000 டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு மிச்சமானது என்பது அவர்களின் மதிப்பீடு. அங்கே மாட்டிறைச்சி அதிகம். நம் மக்கள் உண்ணும் இறைச்சியின் அளவு குறைவு. எனவே இதே கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. நமக்குரிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே என்றால், நம் திருவிழாக்களில்.

கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாள். கோபுரம் முழுவதும் சீரியல் விளக்கு, தெரு முழுவதும் குழல்விளக்கு, நான்கு திசைக்கும் ஒலிபெருக்கி, மின்சாரம் நின்றுவிடக் கூடாதே என்று ஒரு பெரிய ஜெனரேட்டர். மணிக்குப் பத்து லிட்டர் டீசல் குடிக்கும் ஜெனரேட்டர் ஒன்று நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பத்து நாளில் 600 லிட்டர். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு என்றால், மொத்தம் 1,600 கிலோவுக்கு மேல். சராசரி இந்தியர் ஒருவர் ஓராண்டு முழுவதும் வெளியிடுவதில் இது முக்கால் பங்கைத் தாண்டுகிறது. வாணவேடிக்கையை இதில் சேர்க்கவில்லை. புனிதரைப் பெருமைப்படுத்த இதுதான் வழியா என்பதை நாம் கேட்டுப் பார்க்கலாம். ஜெனரேட்டரை மின்தடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அலங்கார விளக்குகள் முழுவதையும் எல்.இ.டி.யாக மாற்றலாம். கடைசி மூன்று நாள் மட்டும் கோபுரம் ஒளிர்ந்தால் பக்தி குறைந்துவிடாது. பக்கத்து ஊர்த் திருவிழாவைவிட நம் ஊர்த் திருவிழா மங்கலாகத் தெரியுமே என்ற கவலைதான் பெரும்பாலும் தடை. அதற்குப் பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தையோடு முதலில் பேசிக்கொள்வது நல்லது!

திருவிழா என்றால் அசனம். அசனத்தில் பசித்தவர் உண்பது புண்ணியம். ஆனால் மிஞ்சிய சோறும் குழம்பும் குழி தோண்டி மூடப்படுவதையும், குப்பைமேட்டில் கொட்டப்படுவதையும் பார்க்கிறோம். காற்றுப் புகாத இடத்தில் சோறு அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும், அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கக்கூடியது. உலகில் வீணாகும் உணவினால் மட்டும் வெளியாகும் வாயுக்கள் மொத்தத்தில் 8 முதல் 10 விழுக்காடு என்கிறது ஐக்கிய நாடுகள் சபை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த ஆண்டவர், அதன்பின் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி சீடர்களிடம் சொன்னதை யோவான் நற்செய்தியாளர் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். புதுமையைச் செய்யும் ஆற்றல் உடையவரே மிச்சத்தை வீணாக்க விரும்பவில்லை. அன்பியங்கள் வழியாக எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே எண்ணிச் சமைப்பதும், மிஞ்சியதை அன்றே விடுதிக்கும் முதியோர் இல்லத்திற்கும் அனுப்புவதும், இலையையும் எச்சிலையும் கோவில் வளாகத்திலேயே காற்றோட்டமுள்ள உரக்குழியில் போடுவதும் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு மாலையில் திட்டமிடக்கூடிய வேலைதான். திருமண வீட்டாருக்கும் இது பொருந்தும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட்டிலேயே அதே காற்றைத் தரும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் மாதம் 16 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். எனவே பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் அதை 18இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவது நமக்கு விளங்காத வழக்கம்! 24க்குக் கீழே இறக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பின் கணக்கு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோவிலுக்கு ஞாயிறு திருப்பலிக்கு நடந்து வருவதைப் பற்றி நாம் எதுவும் சொல்லப்போவதில்லை. கோவில் வாசலில் நிற்கும் வண்டிகளே சொல்கின்றன.

கூரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2008இல், வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரைமீது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. உரோமையைவிட நமக்கு வெயில் குறைவா என்ன? நம் பகுதியில் ஒரு கிலோவாட் அமைப்பு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். வீடுகளுக்கு மூன்று கிலோவாட் வரை அமைக்க ரூ.78,000 மானியம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கோவிலுக்கும் பள்ளிக்கும் அந்த மானியம் கிடையாது. ஆயினும் பகலில் இயங்கும் பள்ளிக்கூடத்திற்குச் சூரிய மின்சாரம் மிகவும் பொருந்தும். வெயில் அடிக்கும் நேரமும் வகுப்பு நடக்கும் நேரமும் ஒன்றுதான். புதுக் கோபுரம் கட்ட நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு இதற்குத் திரட்டத் தெரியாமலா போகும்? அந்தச் செலவு சில ஆண்டுகளில் மின்கட்டணத்தில் திரும்பி வரும். கோபுரத்தின் செலவு திரும்பி வருவதில்லை.

மரக்கன்று நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 5ஆம் தேதி நடுவதற்கு நம்மிடம் ஆள் குறைவில்லை, புகைப்படமும் வந்துவிடுகிறது. அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை. நூறு கன்று நட்டு மூன்று பிழைப்பதைவிட, புதுநன்மை வாங்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு வேம்போ புங்கையோ நட்டு, உறுதிபூசுதல் பெறும்வரை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் விடுவது நல்லது.

இவ்வளவும் செய்தால் புவி வெப்பம் நின்றுவிடுமா? நிற்காது என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015இல் 'இறைவா, உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலைத் தந்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2023 அக்டோபர் 4ஆம் தேதி வெளியிட்ட திருத்தூது அறிவுரை மடலில் இதை மறைக்கவில்லை. வீட்டளவிலான முயற்சிகள் உடனே பெரிய அளவு மாற்றத்தைத் தந்துவிடாது, அரசுகளும் நாடுகளும் எடுக்கும் முடிவுகளே பெரிய அளவில் குறைக்கும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் மக்களின் பழக்கம் மாறாமல் அந்தப் பெரிய முடிவுகள் நிலைக்காது என்பதும் அவரது எண்ணம். தன் பங்கின் டீசல் கணக்கைக் குறைத்த மக்கள், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் கடற்கரை அரிப்பைப் பற்றியும், பேருந்து வசதியைப் பற்றியும், புயல் எச்சரிக்கை ஆழ்கடல் வரை போய்ச் சேருகிறதா என்பதைப் பற்றியும் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு எடை கூடுகிறது.

படைப்பின் காலம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை நீள்கிறது. அந்த நாள்களில் கூடும் பங்குப் பேரவையில் பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். கடந்த ஓராண்டு மின்கட்டணம், திருவிழா டீசல் செலவு, அசனத்தில் மிஞ்சிய சோற்றின் அளவு ஆகிய மூன்றையும் பொருளாளர் ஒருமுறை சத்தமாக வாசிக்கட்டும். எதைக் குறைக்கலாம் என்பதை, பங்குத்தந்தை மறையுரை வைக்குமுன்பே, பின் வரிசையில் இருக்கும் தாய்மார்கள் சொல்லிவிடுவார்கள்.