தேங்காய்த் தூள்: வாங்குவதா, நாமே செய்வதா?



கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த மிட்டாய் மேலே கலர் கலராகத் தூவியிருக்கிறதே, அது தேங்காய்த் துருவல்தான். ஆனால் நம்ம கரிசல் காட்டில் விளைவது பருத்தி, உளுந்து, பாசி, கம்பு. கிணற்றுப் பாசனம் உள்ள இடம் தவிர தென்னை குறைவு. அதனால் தேங்காய் விலை ஏறினால் முதலில் அடி விழுவது நம்ம வீட்டுச் சட்னிக்குத்தான். விலை இறங்கும்போது வாங்கித் தூளாக்கி வைத்தால் கை கொடுக்கும்.

செய்முறை

முற்றிய காயை உடைத்து, பருப்பின் பழுப்புத் தோலைச் சீவி எடுங்கள். கழுவித் துருவி, அடிகனமான சட்டியில் சிறு தீயில் நிறம் மாறாமல் கிளறுங்கள். விரலால் நசுக்கினால் ஈரம் ஒட்டக் கூடாது. துருவியதை அன்றே காய வைக்கணும். ஈரத்தோடு கிடந்தால் புளித்துவிடும். நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

சமையலில்

பொரியலுக்கு அப்படியே தூவலாம். சட்னி, குழம்புக்கு வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து அரையுங்கள். கெட்டியான முதல் பால் மட்டும் பச்சைத் தேங்காய் போல வராது. கடையில் விற்கும் தேங்காய்ப்பால் பவுடர் வேறு. அது பாலை உலர்த்தி எடுப்பது, தண்ணீரில் கரையும்.

கவனம்

காறல் வாடை வந்தால் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சை பிடித்த கொப்பரையைச் சுரண்டிவிட்டுத் தூளாக்குவது பெரிய தப்பு. சில பூஞ்சைகளின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

தொழிலாகச் செய்ய

தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தோல் கழிவும் போனால், 1 கிலோ தூளுக்கு 2 கிலோவுக்கு மேல் பருப்பு வேணும். இது தெரியாமல் கடன் வாங்கினால் வட்டி கட்டத்தான் சரியாக இருக்கும். முதலில் 1 கிலோ செய்து பாருங்கள். காய், விறகு அல்லது கேஸ், பாக்கெட், பஸ் செலவு, நம்ம கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். நம்ம உழைப்பையும் கணக்கில் சேர்க்க மறக்காதீங்க. பாக்கெட் போட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும், தயாரித்த தேதியும் அவசியம்.

கணக்கு ஒத்து வந்தால் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடுவோம். ஒத்து வராவிட்டால் வீட்டுக்கு மட்டும் செய்வோம். அதுவும் மிச்சம்தானே!