உலோகப் பற்றவைப்பும் காற்றின் குறுக்கீடும்

முற்றிலும் தூய்மையான இரண்டு உலோகப் பரப்புகளை வெற்றிடத்தில் அழுத்தி வைத்தால், வெப்பமே இல்லாமல் அவை ஒட்டிக்கொள்ளக்கூடும். பூமியில் அவ்வாறு நிகழாமைக்குப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களும், ஆக்சிஜன் உலோகத்தின்மேல் படியவைக்கும் ஆக்சைடு என்னும் மெல்லிய படலமும் காரணங்களாகும். விளிம்புகளை உருக்கி இணைக்கும் பற்றவைப்பு, அதாவது வெல்டிங், இத்தடைகளைக் கடக்கிறதாயினும், உருகிய உலோகம் காற்றோடு இன்னும் விரைவாக வினைபுரிவதால், வெப்பத்தை உண்டாக்குவதைக் காட்டிலும் காற்றை விலக்குவதே இத்தொழிலின் கடினமான பகுதியாகிறது.

எஃகு ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸில் உருகும். வெல்டிங் ராடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை மின்சாரம் தாண்டும்போது ஒளிரும் மின்வில்லின் வெப்பமோ 5000 டிகிரியையும் கடக்கும். பூச்சற்ற கம்பிகளைக் கொண்டு செய்த தொடக்ககால இணைப்புகள், ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்ததால் துளைகள் நிறைந்து நொறுங்கின. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சுவீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி கம்பிக்குக் கனிமப் பூச்சு இட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. இன்றைய ராடுகளில் அப்பூச்சு எரிந்து வெளிவிடும் வாயு காற்றைத் தள்ள, உருகிய கனிமங்கள் காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல் உலோகத்தின்மேல் கசடாகப் படிந்து, ஆக்சைடுகளை உள்வாங்கி, ஆறும் வேகத்தையும் குறைக்கின்றன. வெல்டர் தட்டி உதிர்க்கும் அந்தக் கருப்பு ஓட்டை வெறும் கழிவென்று கொள்வது பிழை. பூச்சில் ஈரம் ஏறினால் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசலை உண்டாக்கும் என்பதால், முக்கியமான பணிகளுக்குரிய ராடுகளை அடுப்பில் உலர்த்திய பிறகே பயன்படுத்துகின்றனர்.

ஆக்சிஜனையும் அசிட்டிலீனையும் எரிக்கும் கேஸ் வெல்டிங்கில் சுடரின் வெளியுறையே காவலாகிறது. அலுமினியத்தின் சிக்கல் வேறு: உலோகம் 660 டிகிரியில் உருக, அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே டிக் வெல்டிங்கில், உருகாத டங்ஸ்டன் முனையைச் சுற்றி, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவைச் செலுத்தி, திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தால் அப்படலத்தை உடைக்கின்றனர்.

பிரிட்டனின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் 1991இல் கண்டறிந்த உராய்வுக் கலக்கல் முறையோ உருக்குவதையே தவிர்க்கிறது. சுழலும் முளை ஒன்று இணைப்புக் கோட்டில் இறங்கி, உராய்வு வெப்பத்தால் மென்மையான அலுமினியத்தைப் பிசைந்து கலந்தபடி நகர்வதால், பெரும்பாலும் காப்பு வாயு தேவைப்படுவதில்லை. ராக்கெட் எரிபொருள் தொட்டிகளுக்கும் பயன்படும் இம்முறையில், முளை வெளியேறும் இடத்தில் எஞ்சும் துளையைத் தனியே அடைக்கவோ, அப்பகுதியை வெட்டி நீக்கவோ வேண்டியிருக்கிறது.