பழைய ஃபைபர் காரை வீட்டிலேயே ரெடி பண்ணலாமா? ஆசைக்கும் பர்ஸுக்கும் நடுவில் ஒரு கணக்கு

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு தம்பி நம்ம சேனலுக்குக் கேள்வி அனுப்பியிருந்தார். வயசு 27, திருச்சியில் வேலை. தெரிஞ்சவர் ஒருத்தர் ஷெட்டில் பல வருஷமாக ஒரு சிபானி டால்ஃபின் தூங்குதாம். 60,000 ரூபாய்க்குக் கொடுக்கத் தயார். "அண்ணா, பர்சனல் லோன் போட்டு வாங்கி, வீட்டிலேயே வேலை பார்த்து, கொஞ்சம் மாடிஃபை பண்ணி ஓட்டலாமா? பின்னாடி நல்ல விலைக்கு விற்கலாமா?"

ஒரே கேள்விக்குள்ள சட்டம், இன்சூரன்ஸ், வரி, கடன் நாலும் இருக்கு. ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.

முதல்ல, இது என்ன கார்?

டால்ஃபின் 1982-ல் பெங்களூரில் தயாரான சின்ன கார். இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி (நம்ம ரிலையன்ஸ் இல்லீங்க!) செய்த கிட்டன் காரின் இந்திய வடிவம். 848 சிசி எஞ்சின், இரும்பு சேசிஸ், அதுக்கு மேல ஃபைபர் பாடி. ஏன் ஃபைபர்? இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ்ஸும் டையும் பெரிய முதலீடு. லட்சக்கணக்கில் கார் விற்றால்தான் அந்தக் காசைத் திரும்ப எடுக்க முடியும். ஃபைபருக்கு ஒரு அச்சு போதும், ஆனா ஒவ்வொரு பாடியையும் ஆள் வைத்துக் கையால் செய்யணும். அதாவது நிலையான செலவு கம்மி, ஒரு காருக்கான செலவு அதிகம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் இந்தக் கணக்கு எடுபடாமப் போச்சு.

வெளிநாட்டில் "கிட் கார்" என்று ஒரு வழக்கமே இருக்கு. உதிரி பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டில் கோர்த்துக்கொள்வது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதில் பிரபலம். இங்கிலாந்தில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, கிட்டாக வாங்கினால் கிடையாது. 1973-ல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போயிடுச்சு. வரி எங்கே கம்மியோ அங்கே ஒரு பொழுதுபோக்கு வளரும் பாருங்க!

நம்ம நாட்டில் அந்த வழி இல்லை. புது மாடல் ரோட்டுக்கு வரணும்னா, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் பாஸ் ஆகணும். அந்தச் செலவு ஒரு சம்பளக்காரரால் ஆகிற காரியம் இல்லை. அதனால ஏற்கெனவே ஆர்சி இருக்கிற பழைய ஃபைபர் காரை மீட்டெடுப்பதுதான் நமக்கு நடைமுறையில் உள்ள வழி.

பேப்பர் இல்லாத கார், கார் இல்லை

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி ஆர்சியைக் கையில் வாங்கிப் பாருங்க. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகணும். டிஎன் 49 மாதிரியான நம்பர்கள் 1989-க்கு அப்புறம் வந்தவை. அதுக்கு முந்தைய வண்டிகளில் மூணு எழுத்து நம்பர் இருக்கும். பரிவாஹன் இணையதளத்தில் அதன் விவரம் ஏறாமலே இருக்கலாம். அப்படின்னா ஆர்டிஓ ஆபீஸில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏத்தச் சொல்லணும். ஆர்சி ரத்தாகியிருந்தா அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுடுங்க.

அடுத்து புதுப்பித்தல். சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை. 20 வருஷத்தைத் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இது போக, தாமதமான ஒவ்வொரு மாசத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணம்னு 2022 ஏப்ரலிலிருந்து விதி இருக்கு. பசுமை வரி தனி. "வண்டி 60,000 தான்"னு சொல்றவர்கிட்ட, "புதுப்பிச்சது எப்போ?"ன்னு முதல்ல கேளுங்க. பாக்கி முழுக்க விற்கிறவர் தலையில்தான்னு பேசி முடிங்க, இல்லைன்னா விலையில் கழிங்க.

"விண்டேஜ்னு பதிஞ்சுடலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. அது முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு. 1982 டால்ஃபினுக்குக்கூட 2032 வரை காத்திருக்கணும். அதோட பாடி, சேசிஸ், எஞ்சின் எல்லாம் அசல் வடிவத்தில் இருக்கணும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது.

மாடிஃபை பண்ணலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தெளிவாச் சொல்லுது: ஆர்சியில் இருக்கும் விவரங்கள், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

அதனால கூரையை அறுத்து ஓப்பன் கார் ஆக்குவது, நீளத்தைக் கூட்டுவது எல்லாம் வேண்டாம். எஞ்சின் மாத்தணும்னா முன்கூட்டியே ஆர்டிஓவிடம் எழுத்தில் அனுமதி. கலர் மாறினா ஆர்சியிலும் மாறணும். சீட், உள் அலங்காரம், ஒயரிங்கைப் புதுசாக்குவது, பிரேக்கைச் சரிபண்ணுவது, இதிலேயே உங்க கைத்திறமையைக் காட்ட நிறைய இடம் இருக்கு.

வேலை எங்கே ஆரம்பிக்கணும்?

எல்லாரும் பெயின்ட்டில் ஆரம்பிப்பாங்க. பார்க்க அழகா இருக்கும், ஆனா வண்டி நகராது. ஃபைபர் துருப்பிடிக்காது, அதன் அடியில் இருக்கும் இரும்பு சேசிஸ் துருப்பிடிக்கும். ஆத்தோர ஊர் ஈரத்தில் பல வருஷம் நின்ன வண்டின்னா கேட்கவே வேண்டாம். மேல பளபளன்னு இருக்கேன்னு ஏமாந்துடாம, வெல்டர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் அடியில் படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. சேசிஸ் போயிருந்தா வாங்காதீங்க.

ஃபைபர் வேலைக்கு ஆள் தேடி பெங்களூர் போகத் தேவையில்லை. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அதைப் பழுது பார்க்கிறவங்க கையாளுவதும் அதே ரெசின், அதே கண்ணாடி இழை மேட்தான். விரிசலை மேலே பூசி மறைக்காம, சுத்தி சரிவாத் தேய்ச்சு, பின்பக்கத்திலிருந்து அடுக்கடுக்காப் போடணும் என்பது அவங்களுக்கு அத்துப்படி. ஒரு நாள் கூலி கொடுத்து அவங்க பக்கத்தில் நின்னு கத்துக்கிட்டா, அதுதான் இந்த புராஜெக்ட்டிலேயே லாபமான செலவு.

வீட்டில் செய்யும்போது மூணு எச்சரிக்கை. ஒண்ணு, கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒண்ணை ரெசினில் முழுசாக் கலந்த பிறகுதான் அடுத்தது. ரெண்டு, ரெசின் ஆவி தீப்பிடிக்கும். வைக்கோல் போர் பக்கத்திலோ, நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலோ வேண்டவே வேண்டாம். மூணு, தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், ரெசின் ஆவியும் அப்படித்தான். துணி மாஸ்க் ரெண்டுக்குமே உதவாது. தூசிக்கும் ஆவிக்கும் ஃபில்டர் உள்ள மாஸ்க் வாங்குங்க.

இப்போ கணக்கு

கீழே இருப்பது சந்தை விலை இல்லை, பட்ஜெட் போடும் முறைக்கு ஒரு உதாரணம்:

- வண்டி: 60,000
- பேப்பர், கட்டணம்: 25,000
- சேசிஸ், பிரேக், டயர்: 90,000
- எஞ்சின், கியர்பாக்ஸ்: 70,000
- ஒயரிங்: 25,000
- ஃபைபர், பெயின்ட்: 80,000

மொத்தம் 3,50,000. பாகம் கிடைக்காத பழைய வண்டி என்பதால் எதிர்பாராத செலவுக்கு 30% சேருங்க: 1,05,000. ஆக 4,55,000. 60,000 ரூபாய் கார் என்பது வெறும் நுழைவுக் கட்டணம்தான்.

3,50,000-க்கு 14% வட்டியில் 3 வருஷம் பர்சனல் லோன் போட்டா இஎம்ஐ ஏறக்குறைய 11,960. வட்டி மட்டும் 80,000-க்கு மேல. கார் ஷெட்டில் பிரிஞ்சு கிடக்கும்போதும் இஎம்ஐ மாசாமாசம் போகும். லோன் பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்னா, பிரிச்சுப் போட்ட காரை வாங்கின விலைக்குக்கூட யாரும் எடுக்க மாட்டாங்க.

இன்சூரன்ஸும் வரியும்

தேர்ட் பார்ட்டி கட்டாயம். முழு பாலிசி கிடைத்தாலும் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க: வழக்கமான மோட்டார் பாலிசியில் ஃபைபர் பாகங்களுக்கு 30% தேய்மானம் கழிப்பாங்க. 40,000 ரூபாய் பானெட்டுன்னா 12,000 உங்க கையிலிருந்து, அது போக கட்டாயக் கழிவு 1,000. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிற தொகை. நீங்க போட்ட 4 லட்சம் அதில் தானா ஏறாது. பில்லும் போட்டோவும் பத்திரமா வைங்க. சொல்லாம செய்த மாற்றம் இருந்தா க்ளெய்மே சிக்கலாகும்.

சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டம் வந்தா எதிலும் கழிக்கவும் முடியாது. இதையே தொடர்ந்து வாங்கி விற்கும் வேலையா வச்சுக்கிட்டா, அது தொழில் வருமானம்.

தம்பிக்கு என் பதில்

அவர் எழுதினதில் இன்னொரு வரியும் இருந்தது: "அப்பா விவசாயம்." எனக்கு எல்லாத்தையும் விட இதுதான் முக்கியமாப்பட்டது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தா குறுவை, திறக்காத வருஷம் கைக்கடன். டெல்டாவில் மாசச் சம்பளம் வாங்குற பிள்ளைதான் அந்த வீட்டுக்கே எமர்ஜென்சி ஃபண்ட். தண்ணி வராத வருஷத்தில் அந்தச் சம்பளத்தில் 12,000 இஎம்ஐயில் மாட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

அதனால லோன் வேண்டாம். 6 மாச வீட்டுச் செலவு தனியா சேர்த்த பிறகு, மாசம் 15,000 தனிக் கணக்கில் போடுங்க. 4,55,000 சேர ரெண்டரை வருஷம் ஆகும். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை, வேலையைக் கட்டம் கட்டமா பிரிச்சுக்கங்க: பேப்பர், அப்புறம் சேசிஸும் பிரேக்கும், அப்புறம் எஞ்சினும் ஒயரிங்கும், கடைசியா ஃபைபரும் பெயின்ட்டும். கணக்கில் இருக்கும் பணம் தாங்குற அளவுக்கு மட்டும் அடுத்த கட்டம். ஒரு குறுவை பொய்த்தா வேலையை நிறுத்தலாம், கார் கோவிச்சுக்காது. பேங்க் அப்படி விடாது.

விற்று லாபம் பார்க்கலாம்னு மட்டும் நினைச்சு இறங்காதீங்க. 4,55,000-ஐ ரெண்டரை வருஷ சினிமா, சுற்றுலா மாதிரி பொழுதுபோக்குச் செலவா எழுதிட்டு, அப்பவும் மனசு வேணும்னு சொன்னா வாங்குங்க. இந்த வாரமே செய்ய வேண்டியது ஒண்ணுதான்: பணம் எதுவும் கொடுக்காம ஆர்சி ஜெராக்ஸ் வாங்கி, தஞ்சாவூர் ஆர்டிஓ ஆபீஸில் அந்த வண்டியோட நிலைமை என்னன்னு கேளுங்க.