தாத்தாவின் கிளாரினெட்டைக் கறுக்க வைத்தது எது?

"சித்தி, பூட்டனோட கிளாரினெட் இன்னும் இருக்கா? ஸ்கூல் பேண்டுல சேரப் போறேன்."

அக்காள் மகன் இப்படிக் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. இருக்காமல் எங்கே போகும்? என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். பளபளவென்று இருந்த வெள்ளி முலாம் பூசிய கீகள் எல்லாம் கன்னங்கரேலென்று கிடந்தன.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் தாத்தா. பொழுது சாய்ந்தால் கிளாரினெட். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவர் வாசிப்பு இல்லாமல் சாமி புறப்படாது. ஏ.கே.சி. நடராஜனின் இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே ராகம் பழகியவர். தோட்டத்தை விற்று, செம்பனை நட்ட பிறகு குடும்பம் ஈப்போ புந்தோங்கிற்கு வந்தது. லயத்து வீடும் இல்லை, கோயிலும் இல்லை. மிஞ்சியது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

"விபூதி போட்டுத் தேய்ச்சா குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்" என்று அம்மா கிளம்பிவிட்டார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். மறுநாள் ஈப்போவில் வாத்தியம் பழுது பார்க்கும் சீனப் பெரியவரிடம் எடுத்துப் போனேன். பெட்டியைப் பார்த்ததுமே அவர் சிரித்தார். "இது கெத்தா செய்த வேலை" என்றார் மலாயில்.

உண்மைதான். கீகள் ஆடாமல் இருக்கட்டும் என்று நான்தான் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தேன். வளையம் பட்ட இடமெல்லாம் கரிக்கோடு.

ரப்பரைப் பற்றி பேராக் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1877-இல் கோல கங்சாரில் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆனால் மரத்தில் வடியும் பால் வேறு, கடையில் வாங்கும் ரப்பர் வேறு. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அந்தக் கந்தகம்தான் வெள்ளிக்கு எதிரி. இரண்டும் சேர்ந்தால் கறுப்புப் படலம் படியும். முட்டை பட்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதும் இதனால்தான். கிளாரினெட்டின் ஊதும் முனையும் பெரும்பாலும் 'எபொனைட்' என்ற கெட்டி ரப்பர். மூடிய பெட்டிக்குள் அதுவும் தன் பங்குக்குக் கறுப்பேற்றும். நம் ஊர் ஈரக்காற்று மீதி வேலையை முடித்துவிடும்.

வீட்டில் கிளாரினெட்டோ புல்லாங்குழலோ வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெரியவர் சொன்னவை இவை:

வாசிக்கும் முன் கை கழுவுங்கள். விபூதி, சந்தனம், பலகார எண்ணெய் எதுவும் விரலில் இருக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் உள்ளே உள்ள ஈரத்தைத் துணி விட்டு எடுத்து, கீகளைக் காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள். வியர்வையின் உப்பும் ஈரமும் தங்கினால் உலோகம் கெடும். ஓரத்தில் உள்ள ஊசி போன்ற ஸ்பிரிங்கில் துணி மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ரப்பர் வேண்டாம். கம்பளித் துணியும் வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு. ஊதும் முனைக்குத் தனிப் பை. கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும், வெள்ளி கறுக்காமல் இருக்க விற்கும் தாளும் போடுங்கள். அவ்வப்போது மாற்றுங்கள்.

ஏற்கனவே கறுத்திருந்தால், வெள்ளி நகை துடைக்கும் துணியால் மெல்லத் தேயுங்கள். விபூதி, பற்பசை, புளி எதுவும் கூடாது. பொடி கீயின் மூட்டில் புகுந்தால் இறுகிவிடும். ஈரம் பட்டால் கீயின் அடியில் உள்ள மெத்தை ஊறிக் காற்று கசியும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகிறது, முலாமோ மெல்லியது. ரொம்பக் கறுத்திருந்தால் கீகளைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கத்ரி கோபால்நாத் புகழ்பெறச் செய்த சாக்ஸபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பித்தளைமேல் பெரும்பாலும் லாக்கர் பூச்சு இருக்கும். பாலிஷ் போட்டால் பூச்சே போய்விடும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

பெரியவர் கீகளைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். வளையம் இருந்த இடத்தில் லேசான கோடு மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் ஞாபகம் வந்தது. தாத்தா ரப்பர் வளையம் போட்டதே இல்லை. பழைய வேட்டியில் கிழித்த நாடாவால்தான் கட்டுவார். வாசித்து முடித்ததும் அதே வேட்டித் துண்டால் துடைத்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார். நாடா அழுக்காக இருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் வாங்கி மாட்டியவள் நான்தான்.

அக்காள் மகனுக்குக் கிளாரினெட்டைக் கொடுத்தாயிற்று. கூடவே பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டும், ஒரு நாடாவும்.